ஏழாவது பெயர்

மூன்றாவது முறையாகப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே நாளில் இந்தச் செம்மண் மேட்டில், என்று தொடங்குகிற ஒன்றரைப் பக்கம். முதல் முறை படித்தபோது கேட்டார்கள். இரண்டாவது முறை முன்வரிசை மட்டும் கேட்டது. இப்போது யாரும் கேட்கவில்லை, அறுநூறு பேரும் அவரவர் பக்கத்து ஆளோடு பேசுகிறார்கள், என் குரல் மின்விசிறிச் சத்தம் மாதிரி அவர்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. பத்து மணி விழா, இப்போது பதினொன்று இருபது. திரை ஓரத்தில் கண்காணிப்பாளர் வேலாயுதம் நின்றுகொண்டு வலது கையை மாவாட்டுவதுபோல் சுற்றுகிறார். நிறுத்தாதீங்க மேடம், ஓட்டுங்க. என்னத்தை ஓட்ட? நிறுவனர் பிறந்த ஊர், அவர் எழுதிக் கொடுத்த நிலம், முதல் துணைவேந்தர் சைக்கிளில் வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது எல்லாம் சொல்லியாகிவிட்டது. தொண்டைக்காகக் காலையிலிருந்து வெந்நீராகக் குடித்து அடிவயிறு கனக்கிறது. மேடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையைச் சிறப்பு விருந்தினருக்காகக் கழுவிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி வேலாயுதத்தின் சட்டைப்பையில். வரவேற்புக் குழுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கத்தரிப்பூ நிறச் சேலை, புதுத்துணியின் கஞ்சி இடுப்பில் அறுக்கிறது. நல்லது. கவனம் இதிலேயே இருக்கட்டும். கஞ்சி, வயிறு, குதிகால் வலி. இந்த வரலாற்றுத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருக்கிறது, பதக்கப் பட்டியல். அதை எடுக்காத வரைக்கும். எடுக்காத வரைக்கும் என்ன? எடுக்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது, ஏழாவது வரியில், தாவரவியல், முதலிடம், ஆ. மதிவதனி.

அந்த இடத்தில் நூருல் பஸீரா என்று இருந்திருக்க வேண்டும். இருக்கும் என்று நினைத்துத்தான் காலை எட்டரை மணிக்கு வேலாயுதத்திடமிருந்து தாளை வாங்கினேன். “பேரெல்லாம் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துக்கிடுங்க மேடம், போன வருசம் மாதிரி ஆயிரக்கூடாது.” போன வருடம் வேறு யாரோ படித்து ஒரு பையனைச் செல்வியாக்கிவிட்டார்கள், அதனால் இந்த வருடம் நான். உலகம்மாள் மேடத்துக்குக் கணீர்னு குரல், தமிழ் சுத்தமா வரும். என் குரல் இங்கே நிரந்தரம், நான்தான் தற்காலிகம். வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், ஏழாவது வரியில் வாய் நின்றது. துறைத்தலைவர் தனுஷ்கோடி சாரைத் தேடிக்கொண்டு விருந்தினர் விடுதிக்கு ஓடினேன். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “சார், பஸீரா பேர் இல்லையே.” “ஆமாம்மா. ஆட்சிக்குழுவுல ஒத்துக்கலையாம். எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலயே முடிச்சிருக்கணும். விதி விதிதான.” “துணைவேந்தர் சரின்னுட்டார்னு நீங்கதான சார் சொன்னீங்க?” “சொன்னேன். அவர் வாயால சொன்னார், நான் வாயால சொன்னேன். நீங்க எதுக்கு அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொன்னீங்க?” “நீங்கதான் சார் சொல்லச் சொன்னீங்க.” “ரெடியா இருக்கச் சொல்லுங்கன்னேன். கிளம்பி வரச் சொல்லுங்கன்னா சொன்னேன்?” சொல்லிவிட்டு அவர் சாம்பார் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டார். நான் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பொங்கலில் கிடந்த மிளகை ஒவ்வொன்றாக இலை ஓரத்துக்கு ஒதுக்கினார். அந்த நேரத்தில் சொல்வதற்கு எனக்கு எத்தனையோ இருந்தது, இப்போது வரிசையாக வருகிறது, அப்போது வந்தது “சரி சார்” மட்டும். அடுத்த மாதம் என் நியமன ஆணையைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். அதை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, ஆனால் அது இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை பஸீராவுக்குப் போன் செய்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பிள்ளை கத்துவது கேட்டது. “பேரு லிஸ்ட்ல இருக்கும்மா. குடும்பத்தோட வா.” அதுதான் நான் சொன்னது. காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். இருக்கும்மா. இருக்கு, அம்மா என்றால் இருக்கிறது என்று அர்த்தம், நான் கண்ணால் பார்த்தேன், சத்தியம் மாதிரி. இருக்கும், அம்மா என்றால் அநேகமாக இருக்கும், பார்க்கலாம், கடவுள் விட்ட வழி. வாயில் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். எழுதினால்தான் வித்தியாசம். அப்படியானால் நான் இரண்டாவதைத்தான் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாமே, தனுஷ்கோடி சார் ரெடியா இருக்கச் சொல்லுங்கன்னேன் என்று சொன்ன மாதிரி. எவ்வளவு சுலபமாக வருகிறது. ஆனால் இருக்கும் என்று சொல்கிறவள் குடும்பத்தோட வா என்று சொல்வாளா? நான் முதலாவதைத்தான் சொன்னேன். எனக்குத் தெரியும். சொன்னபோது எனக்கு வாய் இனித்தது. பன்னிரண்டு வருடத்தில் நான் யாருக்கும் ஒரு நல்ல செய்தி சொன்னதில்லை, அட்டெண்டன்ஸ் குறைவு, உள்மதிப்பீடு பத்தாது, ஹால் டிக்கெட் வரவில்லை, இதையெல்லாம் சொல்வதற்குத்தான் என்னை அனுப்புவார்கள். அன்றைக்கு ஒரு நல்ல செய்தி கையில் கிடைத்ததும் அதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை, மிட்டாயை வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி உடனே போனை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அவள் “மாமீ!” என்று கத்தினாள். தண்ணீர்ச் செம்பு கீழே உருண்டது. நான் சிரித்தேன்.

அவளுடைய மாமியாரை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். மைமூன் அவர் பெயர். மூன்றாவது செமஸ்டர் தேர்வு நடந்த நவம்பரில் பஸீராவுக்குக் குழந்தை பிறந்தது, நாலு பேப்பர் எழுதிவிட்டாள், ஐந்தாவதுக்கு முந்திய நாள் வலி வந்துவிட்டது. தாவர உடற்செயலியல். என்னுடைய பேப்பர். விடைத்தாள் கட்டை எண்ணும்போது ஒன்று குறைந்தது, வருகைப் பதிவில் அவள் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ‘வரவில்லை’. ஏப்ரலில் நாலாவது செமஸ்டரோடு சேர்த்து அந்தப் பேப்பரையும் எழுத வந்தாள், ஐந்து மாதக் குழந்தையோடு. அன்றைக்கு நான் தேர்வு மேற்பார்வை. கட்டடத்துக்கு வெளியே வாகை மரத்தடியில் மைமூன் அம்மா குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார், மூன்று மணி நேரம். நடுவில் குழந்தை அழுதபோது பஸீராவின் பேனா நின்றது, ஜன்னல் பக்கம் பார்த்தாள், நான் பார்த்தேன், அழுகை நின்றது, பேனா மறுபடியும் ஓடியது. அந்தப் பேப்பரில் தொண்ணூற்று நாலு வாங்கினாள். மொத்தத்தில் மதிவதனியைவிட முப்பத்தொரு மதிப்பெண் அதிகம். மதிவதனியும் நல்ல பிள்ளைதான், உழைக்கிற பிள்ளை, அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. முதல் முயற்சி. எது முதல் முயற்சி? எழுதாமல் போன பேப்பரில் முயற்சி எங்கே இருக்கிறது, அவள் முயன்றது வேறு, அது பிரசவ வார்டில் நடந்தது. இதை நான் ஆட்சிக்குழுவில் சொல்லியிருப்பேன், என்னை அங்கே விட்டிருந்தால். என்னை ஆட்சிக்குழுக் கட்டடத்தின் படியில் நிற்கக்கூட விடமாட்டார்கள். ஆனால் காலை எட்டரை மணிக்கு பஸீராவுக்கு ஒரு போன் செய்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? அதைச் செய்யவில்லை. போனைக் கையில் எடுத்தேன், அவள் பெயர் வரைக்கும் போனேன், யாரோ ரோஜாமாலை வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள், போனேன், மாலையை எண்ணி வைத்தேன். வேண்டுமென்றே எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

பத்து மணிக்கு அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பஸீரா பச்சை நிறத்தில் புதுச் சேலை கட்டி முக்காடு போட்டிருந்தாள், அவள் கணவர் அன்சாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார், மைமூன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “டீச்சர், நீங்க போன் பண்ணுன அன்னைக்கு இவ குதிச்ச குதியில பிள்ளை சோப்போட வழுக்கி விழப் பாத்துச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க, என்று தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “உள்ள போய் உக்காருங்க, இன்னும் நேரம் இருக்கு.” எதற்கு நேரம் இருக்கிறது? சாகிறவனிடம் டாக்டர் சொல்கிற மாதிரி. ஒன்பதாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. பஸீரா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த அரங்கிலேயே என் வரலாற்றை மூன்று முறையும் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். நான் பார்வையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருக்கப் பார்க்கிறேன், போகிறது. மேடையிலிருந்து இறங்க ஐந்து படி. ஐந்து படி, பிறகு எட்டு வரிசை. வரலாற்றை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். இப்போதே. இந்தப் பத்தி முடிந்ததும். முடிந்துவிட்டது. அடுத்த பத்தி முடிந்ததும். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம், வேலாயுதத்தின் கை மாவாட்டுவதை நிறுத்திவிட்டு மேலே பறக்கிறது, வந்துட்டாங்க, வந்துட்டாங்க, “சிறப்பு விருந்தினர் அவர்கள் இப்போது அரங்கத்திற்கு வருகை தருகிறார்கள், அனைவரும் எழுந்து நின்று” என்று என் வாய் தானாகவே சொல்கிறது, தப்பித்துவிட்டேன் என்று என் உடம்பு முழுவதும் ஒரு சந்தோஷம் ஓடுகிறது. எதிலிருந்து தப்பித்தேன்?

விளக்கேற்றினார்கள். மூன்று தீக்குச்சி அணைந்து நாலாவதில் பற்றியது. நிறுவனர் படத்துக்கு மாலை. துணைவேந்தர் வரவேற்புரை, இருபத்தைந்து நிமிடம். சிறப்பு விருந்தினர் டெல்லியிலிருந்து வந்த விஞ்ஞானி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, தாமதமான விமானத்தைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார், முன்வரிசை சிரித்தது, பின்னால் இருந்தவர்கள் முன்வரிசை சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். கடின உழைப்புக்கு என்றைக்கும் பலன் உண்டு என்கிறார். போடியத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்கிறேன். கடின உழைப்பு. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே மேடையில் நானும் பதக்கம் வாங்கினேன், தாவரவியல், முதலிடம். உலகநாயகி என்று படித்தார்கள், நான்தானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஏறினேன். முனைவர் பட்டம் முடித்து இதே துறையில் கௌரவ விரிவுரையாளர் ஆனேன், என்ன வார்த்தை அது, கௌரவ. முதல் வருடம் தனுஷ்கோடி சார் சொன்னார், “அடுத்த வருசம் போஸ்ட் போடுவாங்க, ஆயிரும்மா.” நான் வீட்டில் போய் என் கணவரிடம் ஆயிரும் என்றேன். இரண்டாவது வருடம் ஆயிரும்மா. ஐந்தாவது வருடம் கோர்ட்டில் கேஸ் இருக்கு, முடிஞ்சதும் ஆயிரும்மா. இப்போது என் கணவர் கேட்பதில்லை, என் மகள்தான் பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மாவின் வேலை என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்கிறாள். பன்னிரண்டு வருடமாக எனக்குக் கோபம் அவர் மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி சொல்கிறாரே, கேட்கிறவள் அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் கொடுப்பாளே, அங்கே எத்தனை பேர் அதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் சொல்கிறாரே என்று. நான் பஸீராவிடம் சொன்னதும் அதுதானே. அவராவது ஒரு தடவையும் குடும்பத்தோட வா என்று சொன்னதில்லை.

கைதட்டல். பேச்சு முடிந்துவிட்டது. “அடுத்த நிகழ்வாக, கடந்த கல்வியாண்டில் துறைதோறும் முதலிடம் பெற்ற மாணவ மாணவியருக்கு நிறுவன நாள் தங்கப் பதக்கம் வழங்கும் நிகழ்வு.” பட்டியலை எடுத்துவிட்டேன். தாள் ஈரமாக இருக்கிறது, என் கைதான். ஆங்கிலம். ஒரு பையன் ஏறி வருகிறான், பதக்கம், போட்டோ, இறங்குகிறான். இயற்பியல். மேடையின் இடது பக்கம் படிக்குக் கீழே வாலண்டியர் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பதக்கம் வாங்குகிறவர்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். கணிதம். அந்த வரிசையில் மதிவதனி நிற்கிறாள், நீலப் பாவாடை தாவணி, உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறாள், அவளுக்கு நேற்று மாலைதான் சொன்னார்களாம், காலையில் வாசலில் அவளே சொன்னாள். ஆக நேற்று மாலையே தெரிந்திருக்கிறது. நேற்று மாலையே யாரோ ஒருவருக்குத் தெரிந்து, யாரோ ஒருவர் மதிவதனிக்குப் போன் செய்து, அந்த யாரோ ஒருவருக்கு என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. கணினி அறிவியல். ஒன்பதாவது வரிசையில் பஸீரா எழுந்திருக்கிறாள். மதிவதனி வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பாள், நாமும் போய் நிற்க வேண்டுமோ என்று நினைத்திருப்பாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடைபாதையில் வருகிறாள். உட்காரு. தயவுசெய்து உட்காரு. சமூகவியல், முதலிடம், என்று என் குரல் கணீரென்று சொல்கிறது. அவள் வாலண்டியர் பிள்ளையிடம் பெயர் சொல்வது உதட்டிலிருந்து தெரிகிறது. அந்தப் பிள்ளை தாளில் விரல் வைத்துத் தேடுகிறது, மேலிருந்து கீழே, மறுபடியும் மேலிருந்து கீழே, தலையை ஆட்டுகிறது. பஸீரா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள், தவறு தாளில்தான் இருக்கும் என்கிற நிச்சயமான சிரிப்பு. பிறகு கையை நீட்டி என்னைக் காட்டுகிறாள். அந்த மேடம் சொன்னாங்க.

தமிழ் என்று படித்தேன். பெயரைப் படித்தேன். அந்தப் பெண் ஏறிக்கொண்டிருக்கும்போது பட்டியலைப் போடியத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினேன். முடிவு செய்து இறங்கவில்லை, கால் நிற்கமாட்டேன் என்றது, அவ்வளவுதான். ஐந்து படி. வேலாயுதம் “மேடம், எங்க போறீங்க, மேடம்” என்று திரைக்குள்ளிருந்து சீறுகிறார். பஸீராவின் முன்னால் போய் நின்றேன். “மேடம், இவங்ககிட்ட என் பேரு இல்லையாம்.” “பஸீரா, எங்கிட்ட இருக்கிற தாள்லயும் இல்ல. ஆட்சிக்குழுவுல ஒத்துக்கல. நீ அந்த ஒரு பேப்பர அப்புறமா எழுதுனதுனால.” சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்த மாதிரி. “எப்ப மேடம் தெரியும்?” எப்போது என்று கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஏன் என்று கேட்பாள், யார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். “காலைல. எட்டரைக்கு.” “எட்டரைக்கா?” என்றாள். “எட்டரைக்கு நாங்க வீட்லதான மேடம் இருந்தோம்.” மேடையில் பதக்கம் வாங்கிய தமிழ்த்துறைப் பெண் இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்கிறாள், மைக் வெறுமனே இரைகிறது, அறுநூறு பேர் இப்போதுதான் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். தனுஷ்கோடி சார் எழுந்து வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போடியத்துக்கு வருகிறார், மைக்கைத் தட்டுகிறார். “தாவரவியல், முதலிடம், செல்வி மதிவதனி.” மதிவதனி எங்களுக்கு நடுவில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், அவளுக்குக் கண் நிறைந்திருக்கிறது. “அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா.” பஸீரா அவள் தோளைத் தொட்டு, “போ மதி. கூப்பிடுதாங்கல்ல” என்றாள். மதிவதனி ஏறினாள். கைதட்டினார்கள். பஸீராவும் தட்டினாள், இரண்டு தட்டு, பிறகு கை கீழே போய்விட்டது. அவள் திரும்பி நடந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் பின்னால் போனேன்.

ஒன்பதாவது வரிசையில் அன்சாரி போனை உயர்த்தி வைத்துக்கொண்டு படமெடுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறக்கினார். “என்னம்மா, திரும்பி வந்துட்டே? என்னவாம்?” என்றார் மைமூன் அம்மா. பஸீரா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான்தான் சொன்னேன். முதலிலிருந்து, நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தனுஷ்கோடி சார் என்ன சொன்னார், நான் போனில் என்ன சொன்னேன், காலையில் என்ன தெரிந்தது, வாசலில் கையைப் பிடித்தபோது ஏன் சொல்லவில்லை. ஏன் என்பதற்கு மட்டும் காரணம் வரவில்லை, பயந்துட்டேம்மா என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது, திட்டு வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். அவர் திட்டவில்லை. கேள்வி கேட்டார். “அந்தப் பெரிய சார் உங்ககிட்ட சொன்னது நெசந்தானா?” “நெசம்மா.” “பெரிய ஆளும் சரின்னு சொல்லியிருக்காரு?” “அப்படித்தான் சார் சொன்னாங்க.” “அப்ப எழுதிக் குடுங்க டீச்சர்.” எனக்குப் புரியவில்லை. “வாயால சொன்னத வச்சு எந்த ஆபீஸ்லயும் ஒரு வேலையும் நடக்காது. நான் விதவை பென்சனுக்கு மூணு வருசம் அலைஞ்சவ. இந்தப் பிள்ளை பேறுகாலத்துல பரீட்சை எழுதல, அதுக்கு எங்க போய்க் கேக்கணுமோ அங்க போய்க் கேப்போம். கேக்கப் போனா, இப்படி ஒரு பேச்சே நடக்கலன்னு சொல்லுவாங்க. யாரு சொன்னாங்க, என்னைக்குச் சொன்னாங்க, உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அன்சாரி சட்டைப்பையிலிருந்து பேனாவைக் கொடுத்தார். விழா அழைப்பிதழின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அதை முழங்காலில் வைத்துக்கொண்டேன். மேடையில் வரலாறு, விலங்கியல், வேதியியல் என்று தனுஷ்கோடி சாரின் குரல் போய்க்கொண்டிருந்தது, வேதியியலில் ஒரு பெயரைத் தப்பாகப் படித்தார். நான் எழுதினேன். சு. உலகம்மாள் ஆகிய நான். என் மாணவர்களுக்கு விடைத்தாளில் இப்படி எழுதாதே, அப்படி எழுதாதே என்று சொல்லிக்கொடுத்த கைக்கு ஒரு வாக்கியத்தை நேராக எழுத வரவில்லை. தெரிவிக்கப்பட்டது என்று எழுதினேன். யாரால் என்று இல்லாத வாக்கியம். பன்னிரண்டு வருடம் சுற்றறிக்கைகள் படித்து வந்த பழக்கம். அதை அடித்துவிட்டு, துறைத்தலைவர் பேராசிரியர் தனுஷ்கோடி அவர்கள் என்னிடம் சொன்னார் என்று எழுதினேன். அந்தப் பெயரை எழுதும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது. மைமூன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார், அவசரப்படுத்தவில்லை. வேலாயுதம் நடைபாதையில் குனிந்தபடி ஓடிவந்தார். “மேடம், நன்றியுரைக்கு நீங்கதான் கூப்பிடணும், சார் கோபமா இருக்காரு, என்ன எழுதிக்கிட்டு இருக்கீங்க?” “ஒரு சாட்சி சார். முடிஞ்சதும் வாரேன்.” அவர் தாளை எட்டிப் பார்த்தார், அந்தப் பெயரைப் பார்த்தார், வந்த வழியே திரும்பி ஓடினார். இப்போது போய்ச் சொல்வார். சொல்லட்டும். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், கீழே கௌரவ விரிவுரையாளர் என்றும் எழுதினேன், தேதி போட்டேன்.

பஸீராவிடம் நீட்டினேன். குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது, ஒரு கையால் வாங்கி, கேள்வித்தாளைப் படிப்பதுபோல மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். முக்காட்டின் ஓரத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டாள். “இதுனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?”

ஒன்றும் ஆகாது என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

“ஆகும் பஸீரா,” என்றேன். “அடுத்த மாசம் என்னைய எடுக்கமாட்டாங்க.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்து மாமியிடம் கொடுத்தாள், அவர் அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.